ஒரு சனிக்கிழமை இரவின் விலை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராக்கிங்ஹாம் என்றொரு சிற்றூர். பஞ்சாலைகளை நம்பிப் பிழைத்து, அவை மூடியதும் சோர்ந்துபோன கரோலினா ஊர்களில் அதுவும் ஒன்று. ஊருக்கு வெளியே ஏறக்குறைய ஒரு மைல் நீளமுள்ள நீள்வட்டக் கார்ப் பந்தயத் தளம் இருக்கிறது. 2004இல் அந்தத் தளம் 10.04 கோடி டாலருக்குக் கைமாறியது. மூன்றே ஆண்டுகள் கழித்து, 2007 அக்டோபரில், அதே தளம் ஏலத்துக்கு வந்தபோது போன விலை 44 லட்சம் டாலர். இடையில் தீ விபத்து இல்லை, வெள்ளம் இல்லை. அதே தார், அதே கேலரி. குறைந்திருந்தது ஒன்றே ஒன்று: நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பின் தலைமைத் தொடரான கோப்பைத் தொடரின் அட்டவணையில் அந்தத் தளத்துக்கென்று இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாங்கிய ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் அந்த நாளைப் பெயர்த்தெடுத்து டெக்சாஸில் இருந்த தன் பெரிய தளத்துக்குக் கொண்டுபோனது. பிறகு தோலை ஏலம் விட்டது.

டெக்சாஸ் தளத்துக்கு ஆண்டில் இரண்டாவது பந்தயம் தராமல் நாஸ்கார் இழுத்தடிக்கிறது என்று பங்குதாரர் ஒருவர் தொடுத்த வழக்கு சமரசமானபோது நடந்த விற்பனை அது. ஆகவே விலையில் கொஞ்சம் உப்பல் இருந்திருக்கலாம். அதைத் தாராளமாகக் கழித்துக்கொண்டாலும், தேதியோடு இருக்கும் தளத்துக்கும் தேதி போன தளத்துக்கும் உள்ள வித்தியாசம் இப்படிப் பச்சையாகத் தெரியும் இன்னொரு கணக்கை நான் பார்த்ததில்லை. இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

ராக்கிங்ஹாம் பெரிய இடத்து விவகாரம். நான் எழுத வந்தது அதற்குக் கீழே, ஊர்ப்புறத்தில் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி. ஒரு மைலுக்குக் குறைவான நீள்வட்டத்தை ‘ஷார்ட் டிராக்’ என்கிறார்கள். கிராமப்புறங்களில் பெரும்பாலும் கால் மைல், அரை மைல். சனிக்கிழமை சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போவார்கள். காரோட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது பிழைப்பு இல்லை. வாரமெல்லாம் குழாய் வேலை, வெல்டிங், பண்ணை. ராத்திரியில் வீட்டுக் கொட்டகையில் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பார்கள். சனிக்கிழமை மதியம் அதை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்வார்கள். ஷோரூமில் விற்கும் காரை அப்படியே ஓட்டியதால் ‘ஸ்டாக் கார்’ என்று பெயர் வந்தது. 1949 ஜூனில் சார்லட்டில் நடந்த நாஸ்காரின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்திலேயே முதலில் வந்தவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். காரின் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தார். கள்ளச் சாராயம் கடத்துகிறவர்கள் செய்யும் வேலை அது. இப்போது இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் கார் மாதிரி ஒரு தகட்டைப் போர்த்தி ஓட்டுகிறார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊர்த் தளங்களுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் பார்வையாளர் டிக்கெட். பின்வாசலில் பிட் பாஸ்: ஓட்டுகிறவர், மெக்கானிக், மச்சான், டயர் உருட்டும் பையன் என்று காரோடு வரும் ஒவ்வொருவரும் காசு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். பொதுவாக முன்வாசலைவிடப் பின்வாசலில்தான் தலைக்குக் கட்டணம் அதிகம். ஒரு காருக்கு ஐந்தாறு பேர் வருவார்கள். நாற்பது கார் வந்துவிட்டால் அன்றைய பரிசுத்தொகையில் பெரும்பங்கு அங்கேயே தேறிவிடும். ஆட்டக்காரரிடம் வாங்கி ஆட்டக்காரருக்கே கொடுப்பது. மனமகிழ் மன்றத்துச் சீட்டாட்ட மேசையில் நடப்பதும் இதுதான். அதன் பிறகு முன்வாசல் வசூல், ஹாட் டாக், பீர், சுவர் விளம்பரம், தளமே விற்கும் டயரில் கிடைக்கும் பங்கு என்று வருவதெல்லாம் நடத்துகிறவரின் கணக்கு. காப்பீடு, ஆம்புலன்ஸ், மின்கட்டணம் அதிலிருந்து போக வேண்டும். கார் வரவில்லை என்றால் இரண்டு வாசலும் சேர்ந்தே காயும். அந்த ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தித்துக்கொள்கிறவர்கள் யார் ஜெயித்தது என்று கேட்பதற்கு முன்னால் நேற்று எத்தனை கார் வந்தது என்றுதான் கேட்பார்கள்.

கரோலினா பக்கம் அப்படி ஒரு தளத்தின் அலுவலகத்தில் நவம்பர் மாதப் பகல் ஒன்றை முழுக்கக் கழித்திருக்கிறேன். சக்கரம் கழற்றிய டிரெய்லர் வீடுதான் அலுவலகம். தளத்தை நடத்துகிறவர் அடுத்த ஆண்டுக்கான அட்டவணையைத் தயாரித்துக்கொண்டிருந்தார். டயர்க் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த காலண்டர் மேசைமேல் விரிந்து கிடந்தது. கையில் பென்சில், பக்கத்தில் ரப்பர். பேனா எடுத்தால் ஆகாதாம். முதலில் ஈஸ்டர் வார இறுதியை அடித்தார். அடுத்து அன்னையர் தினம். பிறகு மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் பட்டமளிப்பு விழாக்கள். அப்புறம் கவுண்டிப் பொருட்காட்சி. கோப்பைத் தொடர் பக்கத்தில் எங்காவது சனிக்கிழமை இரவில் ஓடினால் அந்த நாள். ஆகஸ்ட் பிற்பாதியில் பள்ளிகளுக்கிடையே அமெரிக்கக் கால்பந்து தொடங்கிவிட்டால் வெள்ளி இரவுகள் போயின. அங்கே பள்ளிக் கால்பந்தோடு யாரும் மோத மாட்டார்கள். எல்லாம் கழித்து மிஞ்சியவை இருபதுக்குச் சற்று மேல். மழைக்கு இரண்டு மூன்றைத் தள்ளிவைத்தார்.

அரசியல் அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது. நாற்பது மைல் தள்ளி இருக்கும் இன்னொரு தளம் ஜூன் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையைப் பிடித்துவிட்டதா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ள மூன்று தொலைபேசி அழைப்புகள். ஒன்றில் சிரிப்பு. ஒன்றில் கிட்டத்தட்டக் கெஞ்சல். மூன்றாவதை எதிர்ப்பக்கம் எடுக்கவே இல்லை. எடுக்காததே பதில் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் பென்சிலை அழுத்தி ஒரு வட்டம் போட்டார். மோதுவது என்று முடிவாகிவிட்டது.

இரண்டு தளங்களும் ஒரே இரவில் நடத்தினால் நாற்பது கார் இருபது இருபதாகப் பிரியும். இருபது கார் நீண்ட இடைவெளி விட்டுச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் அடுத்த வாரம் டிக்கெட் எடுக்க யோசிப்பார்கள். இது இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்கிறார்கள். பங்காளிகள் வரப்பை வெட்டிக்கொள்ளும்போது தண்ணீர் யார் வயலுக்கும் நிற்பதில்லை என்பது எந்தப் பங்காளிக்குத் தெரியாது?

யாரோடும் மோதாத ஒரு தேதியைக் கண்டெடுத்தவர்கள் நின்று நிலைத்திருக்கிறார்கள். வெர்மான்ட் மாநிலத்தின் பாரி நகரம் கிரானைட்டுக்குப் பேர்போனது. 1960இல் அங்கே தண்டர் ரோடு என்ற கால் மைல் தளத்தைத் திறந்த கென் ஸ்குவையர், சனிக்கிழமையைத் தொடவே இல்லை. வியாழக்கிழமை இரவைப் பிடித்தார். கிரானைட் பட்டறைகளில் சம்பளம் போடும் நாள் வியாழன். பணம் வீடு போய்ச் சேர்வதற்குள் வழியில் ஒரு வாசல். நம் ஊர் வாரச் சந்தைகள் கூடும் கிழமைக்குப் பின்னாலும் இந்த மாதிரி ஒரு கணக்கு இருக்கும். கிளறிப் பார்த்தால் தெரியும். 1979 டேடோனா 500 பந்தயத்தை அமெரிக்கா முழுவதற்கும் நேரலையில் வர்ணித்த குரலும் இதே ஸ்குவையருடையதுதான். ஒலிபரப்பாளர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வியாழக்கிழமைதான் அவருடைய பெரிய படைப்பு.

ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் 1968 முதல் நடக்கும் ஸ்னோபால் டெர்பி இன்னொன்று. டிசம்பர் தொடக்கத்தில் வடக்கே பனி கொட்டும், தளங்கள் மூடியிருக்கும், பந்தயக்காரர் வீட்டில் சும்மா இருப்பார், காரும் சும்மா இருக்கும். அப்போது தெற்கில் அரை மைல் தளம் ஒன்று 300 சுற்றுப் பந்தயம் அறிவித்தால் யார் வரமாட்டார்கள்? அதேபோல நியூ ஸ்மர்னா தளம் தன் பெரிய வாரத்தை பிப்ரவரியில், பக்கத்து டேடோனாவுக்குக் கூட்டம் வந்து சேரும் நாட்களில் வைத்துக்கொண்டது. திருவிழாவுக்கு வந்தவர்களிடம் வளையல் விற்கும் கடை. புத்திசாலித்தனம், மறுப்பதற்கில்லை.

ஆனால் எல்லோராலும் டிசம்பரில் நடத்த முடியாது. சனிக்கிழமைகளை நம்பி வாழும் தளங்கள்தான் அதிகம். அந்தச் சனிக்கிழமைகள் எப்படிக் கைநழுவின என்பது நீண்ட கதை.

பெரியவர்களும் ஒரு காலத்தில் இந்தச் சின்னத் தளங்களில்தான் ஓடினார்கள். 1964இல் நாஸ்காரின் தலைமைத் தொடரில் 62 பந்தயங்கள். புதன், வியாழன் என்று பார்க்காமல் நாடகக் கம்பெனி மாதிரி ஊர் ஊராகப் போனார்கள். 1971 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. விளம்பரத்துக்கு வைத்திருந்த பணத்தை எங்கே கொட்டுவது என்று தேடிக்கொண்டிருந்த ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனி, வின்ஸ்டன் என்ற தன் பிராண்டின் பெயரோடு நாஸ்காருக்குள் வந்தது. 1971இல் 48 ஆக இருந்த பந்தயங்கள் 1972இல் 31 ஆயின. 250 மைலுக்குக் குறைந்த பந்தயங்கள் வெட்டுப்பட்டன. ஹிக்கரி, சவுத் பாஸ்டன், வின்ஸ்டன்-சேலத்தின் போமன் கிரே எல்லாம் ஒரே வீச்சில் வெளியே போயின. விளம்பரதாரருக்கு வேண்டியது எண்ணிக்கையில் குறைவான, கூட்டத்தில் பெரிய பந்தயங்கள்.

இதைத் துரோகம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1971 ஆகஸ்டில் போமன் கிரேயில் நடந்ததைப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. பரிசுத்தொகை சிறியது, நெடுந்தூரம் கார் இழுத்துக்கொண்டு வர ஆளில்லை. காரின் எண்ணிக்கையை ஒப்பேற்ற, வேறொரு தொடரின் சின்ன கார்களையும் சேர்த்து ஓடவிட்டார்கள். அப்படி வந்த மஸ்டாங் ஒன்றில் பாபி ஆலிசன் ஜெயித்தார். தலைமைத் தொடரின் வெற்றிக் கணக்கில் அதைச் சேர்ப்பதா, வேண்டாமா என்ற தகராறு 2024 அக்டோபரில்தான் தீர்ந்தது. அவருடைய 85ஆவது வெற்றி என்று நாஸ்கார் எழுதிக்கொடுத்தது. அடுத்த மாதமே ஆலிசன் காலமானார். 48 பந்தயங்களுக்குக் காரும் காசும் போதவில்லை என்பதற்கு அந்த மஸ்டாங்கே சாட்சி. வெட்டியது தவறில்லை. வெட்டிய கையோடு, கீழே இருந்தவர்களுக்கு எந்த நாள் பாதுகாக்கப்படும் என்று ஒரு வரிகூட எழுதாமல் விட்டதுதான் தவறு.

அந்த வரி இல்லாததன் பலனை 1996இல் நார்த் வில்க்ஸ்போரோ அனுபவித்தது. 0.625 மைல் தளம். 1947 முதல் ஓடிக்கொண்டிருந்தது. நடத்திவந்த ஈனக் ஸ்டேலி 1995இல் இறந்தார். டெக்சாஸில் புதிதாகத் தளம் கட்டிக்கொண்டிருந்த புரூட்டன் ஸ்மித் ஒரு பாதிப் பங்கை வாங்கினார். நியூ ஹாம்ஷயர் தளத்தின் பாப் பாரி மறுபாதியை வாங்கினார். ஆண்டுக்கு இரண்டு தேதி இருந்தது, ஆளுக்கு ஒன்று. 1996 செப்டம்பர் 29 அன்று ஜெஃப் கார்டன் ஜெயித்த பந்தயத்தோடு கதவு சாத்தப்பட்டது. அடுத்த ஆண்டு வசந்தகாலத் தேதி டெக்சாஸுக்கும் இலையுதிர்காலத் தேதி நியூ ஹாம்ஷயருக்கும் போயின. தளத்தை யாரும் இடிக்கவில்லை. பெரும்பாலான ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. கேலரிப் படிகளுக்கு நடுவே செடி முளைத்தது.

ஏன் இவ்வளவு வெறி? 2001க்குப் பிறகு நீண்ட காலம் நடைமுறையில் இருந்த பங்கீட்டைப் பார்த்தால் விளங்கும். தொலைக்காட்சிப் பணத்தில் 65 சதவீதம் தளங்களுக்கு, 25 சதவீதம் பரிசுத்தொகை வழியாக அணிகளுக்கு, 10 சதவீதம் நாஸ்காருக்கு. டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் தேதி வைத்திருப்பவர் வீட்டுக் கதவைப் பணம் தட்டும். பத்து சதவீதம்தானே நாஸ்காருக்கு என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய பாதிப் பந்தயங்களை நடத்திய இன்டர்நேஷனல் ஸ்பீட்வே கார்ப்பரேஷன், நாஸ்காரை வைத்திருக்கும் அதே ஃபிரான்ஸ் குடும்பத்தின் கையில் இருந்தது. 2019இல் அது நாஸ்காரோடு இணைந்தே போனது. அட்டவணை போடுகிறவரே கல்யாண மண்டபமும் வைத்திருந்தால் முகூர்த்தம் எங்கே விழும்?

விர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில், 0.526 மைல். ஊரின் மக்கள்தொகை பதினைந்தாயிரத்தைத் தொடாது. எர்ல்ஸ் குடும்பம் கட்டிக்காத்த அந்தத் தளத்தை 2004இல் அதே இன்டர்நேஷனல் ஸ்பீட்வே சுமார் 19 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த விலை ஊர் நிலத்துக்கு இல்லை, இரண்டு தேதிகளுக்கு. (நம் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் அடியெடுத்துவைத்தது இந்த மார்ட்டின்ஸ்வில்லில்தான். ஃபார்முலா ஒன் ஓட்டியவரை அரை மைல் வளையத்தில் இறக்கிவிட்டார்கள், 13ஆவதாக முடித்தார். அந்த ஆண்டு டிரக் தொடரின் ரசிகர் அபிமான ஓட்டுநர் விருதும் அவருக்கே கிடைத்தது.)

மேலே இருப்பவர்கள் மட்டும் ஏறிப்போனால் பரவாயில்லை. ஏணியையும் கூடவே இழுத்துக்கொண்டு போவதுதான் இந்த விளையாட்டின் வழக்கம். ஊர்த் தளங்களில் ஓடிக்கொண்டிருந்த லேட் மாடல் ஸ்போர்ட்ஸ்மேன் வகைக் கார்களைத் திரட்டி 1982இல் இரண்டாம் நிலை தேசியத் தொடர் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் ஹிக்கரி, சவுத் பாஸ்டன் மாதிரித் தளங்களே அதன் வீடு. தொலைக்காட்சி வந்தது, கோப்பைத் தொடருக்கு முந்தின நாள் அதே பெரிய தளத்தில் ஓடினால் செலவு மிச்சம் என்ற கணக்கு வந்தது. ஹிக்கரி 1998இல் கழன்றது, சவுத் பாஸ்டன் 2000இல். 1995இல் தொடங்கிய டிரக் தொடரும் இதே பாதையில் போனது. வட்டாரத் தொடர்கள் என்று தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு, மத்திய மேற்குக்குத் தனித்தனியாக நடத்திவந்தவற்றை 2006 முடிவில் நாஸ்கார் மொத்தமாக மூடியது. 1953 முதல் தனியாக நின்ற ஆர்கா தொடரை 2018இல் வாங்கி, 2020இல் தன் கிழக்கு, மேற்குத் தொடர்களை அதற்குள் போட்டது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் காலண்டரில் பெரிய வட்டம் போட்டிருந்த சனிக்கிழமை, வெறும் சனிக்கிழமையாகிப்போனது.

மூடுகிறவர் இருந்தால் முளைக்கிறவரும் இருப்பார். நாஸ்கார் நார்த் என்ற பெயரில் 1979இல் தொடங்கிய தொடர், 1986இல் பிரிந்து அமெரிக்க-கனடியத் தொடராகத் தனிக்குடித்தனம் போனது. அதை நடத்திய டாம் கர்லி டயருக்கும் என்ஜினுக்கும் கட்டுப்பாடு வைத்துச் செலவைப் பிடித்தார். நியூ இங்கிலாந்தில் அது இன்றும் ஓடுகிறது. தெற்கே, ஜாக் மெக்னெலி வளர்த்த கார்ஸ் டூர் என்ற தொடரை 2023 ஜனவரியில் நால்வர் சேர்ந்து வாங்கினார்கள்: டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், கெவின் ஹார்விக், ஜெஃப் பர்ட்டன், ஜஸ்டின் மார்க்ஸ். எர்ன்ஹார்ட் ஜூனியர் பெயர் போட்டால் கூட்டம் வரும், இணைய ஒளிபரப்புக்குச் சந்தாதாரர் வருவார், பரிசுத்தொகை ஏறும். எல்லாம் நல்லது. ஆனால் அந்தத் தொடர் ஒரு தளத்துக்கு வரும் இரவில், சுற்றியுள்ள தளங்களின் நல்ல கார்கள் எல்லாம் அங்கே போய்விடும். ஒரு தளத்துக்குத் தீபாவளி என்றால் அன்று மற்ற மூன்றுக்கும் அமாவாசை. மீட்க வந்தவர்கள் என்று நால்வரைக் கொண்டாடும் நண்பர்களிடம் நான் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் நல்லவர்களா என்பது என் கேள்வி இல்லை. அவர்கள் தங்கள் தேதிகளை முடிவு செய்யும்போது, ஊர்த் தளங்களின் தேதியைக் கேட்கும் கட்டாயம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

மேலிடத்துக்குச் சனிக்கிழமை இரவு எவ்வளவு முக்கியம் என்பதை எஸ்ஆர்எக்ஸ் தொடர் காட்டியது. டோனி ஸ்டூவர்ட்டும் ரே எவர்ன்ஹாமும் தொடங்கியது. 2021 கோடையில் ஆறு சனிக்கிழமை இரவுகள், ஊர்த் தளங்கள், தேசியத் தொலைக்காட்சி. ஒவ்வொரு தளத்திலும் அந்த ஊரின் ஓட்டுநர் ஒருவருக்கும் ஒரு கார். கனெக்டிகட்டின் ஸ்டாஃபர்டில் நடந்த முதல் இரவே, உலகறிந்த பெயர்களைப் பின்னால் விட்டுவிட்டு உள்ளூர் மாடிஃபைட் சாம்பியன் டக் கோபி ஜெயித்தார். அப்போது நான் குதித்ததை இங்கே எழுதினால் ஆய்வாளன் என்ற மரியாதை போய்விடும். மூன்றே சீசன், மூன்றாவதில் வியாழக்கிழமைக்கு நகர்ந்தது, 2024 தொடக்கத்தில் நின்றுபோனது. பிறகு இரண்டு அணிகள் நாஸ்கார்மேல் தொடுத்த ஏகபோக வழக்கில் வெளிவந்த உள்செய்திகளைப் பார்த்தால், அந்தச் சின்னத் தொடரின்மேல் தலைமையகம் எவ்வளவு கடுப்பில் இருந்தது என்று தெரிகிறது. அந்த வழக்கு 2025 டிசம்பரில், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே சமரசத்தில் முடிந்தது. அணிகளுக்கு நிரந்தர இடம் கிடைத்தது. ஊர்த் தளங்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைக்கவும் ஒன்றும் இல்லை.

இப்போது பொதுப்பணத்துக்கு வருகிறேன். என் வழக்கே இங்கேதான். கொரோனா நிவாரணத்துக்கென்று கூட்டரசு கொடுத்த பணத்திலிருந்து, 2021 பட்ஜெட்டில் வட கரோலினா மாநிலம் மூன்று பந்தயத் தளங்களுக்கு ஒதுக்கியது: நார்த் வில்க்ஸ்போரோவுக்கு 1.8 கோடி டாலர், சார்லட்டுக்கு 1.3 கோடி, ராக்கிங்ஹாமுக்கு 90 லட்சம். முதல் இரண்டும் ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸுக்குச் சொந்தம். 1996இல் தேதியைத் தூக்கிக்கொண்டு போன புரூட்டன் ஸ்மித்தின் நிறுவனம் அதுவே. எடுத்துக்கொண்டு போனவரிடமே, திரும்பக் கொண்டுவாருங்கள் என்று மக்கள் வரிப்பணத்தை நீட்டியிருக்கிறார்கள்.

பணம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் கார்ஸ் டூர் நார்த் வில்க்ஸ்போரோவில் ஓடியபோது எர்ன்ஹார்ட் ஜூனியர் மூன்றாவதாக வந்தார். கேலரி நிரம்பி வழிந்தது. 2023இலிருந்து மூன்று ஆண்டுகள் கோப்பைத் தொடரின் ஆல்-ஸ்டார் பந்தயம் நடந்தது. 2026 அட்டவணையில், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, புள்ளிகளுக்கான கோப்பைப் பந்தயம் ஜூலையில். வில்க்ஸ் கவுண்டியில் இதைக் கொண்டாடாத வீடு இருக்காது. என் கேள்வி ஒப்பந்தத்தைப் பற்றியது. இந்த மாதிரி மானியம் குழாய்க்கும் கழிவறைக்கும் கட்டடத்துக்கும் கொடுக்கப்படுகிறது. குழாயை யாரும் பெயர்த்துக்கொண்டு டெக்சாஸுக்குப் போகப்போவதில்லை, போகக்கூடியது தேதி. அதை ஏன் கட்டிப்போடுவதில்லை? ஆண்டுக்கு இத்தனை இரவு உள்ளூர்ப் பந்தயம், பெரிய தேதி இத்தனை ஆண்டுக்கு நகராது, நகர்ந்தால் மானியம் வட்டியோடு திரும்ப வரவேண்டும் என்று ஒரு பக்கம் எழுத எந்த அட்டர்னிக்கும் அரை நாள் போதும்.

போமன் கிரேயைப் பாருங்கள். நகராட்சிக்குச் சொந்தமான மைதானம். நடுவில் அமெரிக்கக் கால்பந்துத் திடல், அதைச் சுற்றி கால் மைல் தார். 1949 முதல் வாரப் பந்தயம். கோடை முடிந்ததும் திடல் வின்ஸ்டன்-சேலம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்குப் போய்விடும். அதனால் பந்தயம் ஆகஸ்டோடு முடியும். 2024இல் நாஸ்கார் அதை நடத்தும் பொறுப்பை எடுத்தது. 2025 பிப்ரவரியில் ‘க்ளாஷ்’ என்ற பெரிய காட்சிப் பந்தயத்தைக் கொண்டுவந்தது. இங்கே யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. நிலம் நகரத்துடையது, இலையுதிர்காலம் பல்கலைக்கழகத்துடையது, கோடைச் சனிக்கிழமை பரம்பரையாக ஊருடையது. வந்தவருக்கு பிப்ரவரி கிடைத்தது. யாரும் திட்டமிட்டு உருவாக்காத இந்த ஏற்பாடுதான் நான் பார்த்தவற்றில் சிறந்தது.

நாஷ்வில்லில் நிலைமை நேர்மாறு. நகரத்துக்குச் சொந்தமான பொருட்காட்சித் திடலில் பழம்பெரும் தளம். 2011இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, பந்தயம் அங்கே தொடர வேண்டும் என்று ஏறத்தாழ 71 சதவீத மக்கள் நகரச் சாசனத்திலேயே எழுதவைத்தார்கள். எழுதியது பந்தயம் தொடர வேண்டும் என்று மட்டும். எத்தனை இரவு, யார் நடத்துவது, எத்தனை மணிக்கு என்ஜினை அணைப்பது என்று எழுதவில்லை. பக்கத்தில் கால்பந்து மைதானம் வந்தது. புது அடுக்குமாடிகள் வந்தன. சத்தம் தாங்கவில்லை என்று புது வாக்காளர்களும் வந்தார்கள். தளத்தைப் புதுப்பித்து கோப்பைத் தொடரைக் கொண்டுவர ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸ் போட்ட திட்டம் 2023இல் கவுன்சிலில் முடிவு காணாமல் நின்றது. குடியிருப்போர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. முந்நூறு சுற்று லேட் மாடல் பந்தயத்தின் சத்தத்தில் தொட்டிலில் குழந்தை தூங்காது. ஆண்டின் எந்தெந்த இரவுகள் என்று முன்பே தெரிந்தால் அன்று பாட்டி வீட்டுக்குப் போய்விடலாம். தெரியாதபோதுதான் மனு எழுதுவார்கள்.

ஊர்த் தளக்காரர்கள் நாஸ்காரைத் திட்டுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். பாதி நியாயம். மறுபாதியை அவர்களே சரிசெய்ய முடியும்: ஒரு வட்டாரத்தின் தளங்களும் தொடர்களும் அக்டோபருக்குள் ஒரே மேசையில் உட்கார்ந்து பெரிய இரவுகளை மட்டுமாவது பங்கிட்டுக்கொள்ளலாம். மீறினால், அடுத்த ஆண்டு உன் பெரிய இரவன்று நாங்களும் திறப்போம் என்ற ஒரே தண்டனை போதும். இதை அந்த டிரெய்லர் அலுவலகத்தில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பக்கத்துத் தளக்காரர் முதலில் தொலைபேசியை எடுக்கட்டும் என்றார்.

ராக்கிங்ஹாமுக்கும் ஒருவழியாகப் பந்தயம் திரும்பியிருக்கிறது. கோப்பைத் தொடர் இல்லை. டிரக் தொடரும் இரண்டாம் நிலைத் தொடரும். 2025 ஏப்ரல் 18, 19 தேதிகளில் நடந்தன. கோப்பைத் தொடருக்கு அந்த வாரம் விடுமுறை. அதனால் நாள் காலியாக இருந்தது. புனித வெள்ளியும் அதற்கு மறுநாளும். டயர்க் கடைக் காலண்டரில் அந்தப் பென்சில் முதலில் அடித்த வார இறுதி.

- கட்டுரையாளர், விளையாட்டுத் தொழிலின் பொருளாதாரம் குறித்து எழுதிவருபவர்.